துண்டுக்கு ஒரு விலை: கொல்கத்தாவில் சாப்பாட்டுச் செலவு

தமிழ்நாட்டு ஓட்டலில் உட்கார்ந்து "மீல்ஸ்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். இலை, சாதம், சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர், அப்பளம் எல்லாம் வந்து சேரும். கல்லாவில் ஒரே தொகை. கொல்கத்தாவின் பழைய சோற்றுக் கடைகளில் கணக்கு வேறு. சாதத்துக்கு ஒரு விலை, பருப்புக்கு ஒரு விலை, வறுத்த கத்தரிக்காய்க்கு ஒரு விலை, மீன் துண்டுக்கு இன்னொரு விலை. பல கடைகளில் எலுமிச்சைத் துண்டுக்கும் வாழை இலைக்கும் மண் குவளைக்கும்கூடத் தனியாகக் காசு உண்டு. சாப்பிட்டு எழுந்ததும் பரிமாறியவர் நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் மனக்கணக்காகக் கூட்டிக் கல்லாவுக்குக் குரல் கொடுப்பார்.

ஊர் முழுக்க இதே முறைதான். இனிப்பை எண்ணிக்கையில் விற்கிறார்கள். நம் ஊர்போல் கால் கிலோ, அரை கிலோ என்று நிறுப்பதில்லை. காய்கறிச் சந்தையில் பூசணிக்காயைக் கீற்றாக வாங்கலாம். தெருவோர டீ, நாலைந்து மடக்கில் தீர்ந்துவிடும் மண் குவளையில் வரும். அளவும் சிறிது, தொகையும் சிறிது. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்குகிறவருக்கு இந்தியாவின் பெருநகரங்களில் இவ்வளவு மலிவாகவும் ருசியாகவும் சோறு போடும் ஊர் அதிகமில்லை. "எல்லாம் கொண்டு வாங்க" என்று கையசைக்கிறவருக்கோ அதே பெஞ்சில், அதே இலையில் மும்மடங்கு ஆகும்.

மதிய உணவு: பைஸ் ஹோட்டல்களும் நடைபாதைக் கடைகளும்

பைசாக் கணக்கில் சோறு போட்ட காலத்திலிருந்து வரும் கடைகளுக்குக் கொல்கத்தாவில் பைஸ் ஹோட்டல் என்று பெயர். வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கிய குமாஸ்தாக்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வீட்டுச் சாப்பாடு போட்டு வளர்ந்தவை இவை. காலேஜ் ஸ்ட்ரீட்டில் பிரெசிடென்சி பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், பவானி தத்தா லேன் என்ற சந்தில் இருக்கிறது ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல். ஒடிசாவிலிருந்து வந்த மனகோவிந்த பண்டா 1927இல் தொடங்கியது. அப்போது வெறும் ஹிந்து ஹோட்டல். 'ஸ்வாதீன் பாரத்', அதாவது சுதந்திர பாரதம், பெயரில் சேர்ந்தது விடுதலைக்குப் பிறகு. நியூ மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஜான்பஜார் பக்கம் சித்தேஸ்வரி ஆசிரமம், தெற்கே ராஷ்பிஹாரி அவென்யூவில் தருண் நிகேதன் ஆகியவையும் இந்த வகைதான். ஆசிரமம் என்ற பெயரைப் பார்த்துச் சைவச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு போகக் கூடாது. அங்கே மீன்தான் பிரதானம்.

வங்காளிகள் சாப்பாட்டை வரிசைப்படி சாப்பிடுவார்கள். முதலில் கசப்பு அல்லது கீரை, பிறகு பருப்பு, கூடவே ஒரு பொரித்த காய், அதன்பின் காய்கறிக் குழம்பு, மீன், கடைசியில் இனிப்புப் புளிப்பான சட்னி. ஆகவே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதே இல்லை. சாதம், பருப்பு, ஒரு காய் என்று தொடங்கலாம். வயிற்றில் இடம் இருந்தால் மீன் கேட்கலாம். அதற்குமேல் வேண்டுமா என்பதை அப்போது முடிவு செய்யலாம். பரிமாறுகிறவர்களுக்கு இது பழகிய முறை. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். செலவைக் கட்டுக்குள் வைக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தத் திட்டமும் தராது.

செலவைத் தீர்மானிப்பது மீன்தான். ரூயி, கத்லா போன்ற நன்னீர் மீன் துண்டுகள் பட்டியலின் அடியில் இருக்கும். ஹில்சா என்னும் இலிஷ், சித்தல், பெரிய கல்தா இறால் ஆகியவை உச்சியில். ஒரே சாப்பாட்டை 150 ரூபாய்க்கும் முடிக்கலாம், இலிஷ் துண்டைச் சேர்த்து 400 ரூபாய்க்கும் கொண்டுபோகலாம். அன்றைய பட்டியலைப் பலகையில் எழுதிவைப்பார்கள், பெரும்பாலும் வங்க எழுத்தில். படிக்க முடியாதவர்கள் மீனைக் காட்டி "கொதோ?" என்று கேட்டால் விலை சொல்வார்கள். அதற்கு ஏழெட்டு எண்கள் தெரிந்திருந்தால் நல்லது: தொஷ் 10, குரி 20, திரிஷ் 30, சொல்லிஷ் 40, போஞ்சாஷ் 50, ஷாட் 60, எக்ஷோ 100. மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றரைக்குள் போய்விட வேண்டும். தாமதமானால் விலை குறைந்த மீன்கள் முதலில் தீர்ந்துபோய், விலை கூடியவை மட்டும் மிஞ்சியிருக்கும்.

அலுவலகங்கள் நிறைந்த பி.பி.டி. பாக் பகுதியில், பழைய டல்ஹவுசியில், நடைபாதைச் சோற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மூர்க் கையேந்தி பவன்களின் உறவினர் என்று சொல்லலாம். இங்கே விலைக்குப் படிக்கட்டு உண்டு: ஷப்ஜி-பாத் என்னும் காய்கறிச் சாப்பாடு, அடுத்து டிம்-பாத் என்னும் முட்டைச் சாப்பாடு, மாச்-பாத் என்னும் மீன் சாப்பாடு, உச்சியில் மாங்ஷோ-பாத் என்னும் கறிச் சாப்பாடு. கீழ்ப்படி ஐம்பது ரூபாயை ஒட்டியே இருக்கும். எஸ்பிளனேடு பக்கம் டெக்கர்ஸ் லேனில் சித்தோ பாபுவின் கடையில் கிடைக்கும் ஸ்டூவும் டோஸ்டும் வேறு ரகம்: மிளகு வாசத்தோடு நீர்த்த குழம்பு, உருளைக்கிழங்கும் காயும் ஒரு துண்டு கறியும், கூடவே ரொட்டி. காரம் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களோடு பயணம் செய்கிறவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். இந்தப் பகுதி முழுவதும் அலுவலக நாட்களை நம்பி இயங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு இங்கே வந்தால் மூடிய ஷட்டர்கள்தான்.

5 ரூபாய்ச் சாப்பாடும் கொல்கத்தாவில் உண்டு. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தை நினைவூட்டும் 'மா' கேன்டீன்களை மேற்கு வங்க அரசு 2021 பிப்ரவரியில் தொடங்கியது. சோறு, பருப்பு, ஒரு காய், முட்டைக் குழம்பு என்பது அதன் தட்டு. சமைக்கும் அளவு மட்டானது. மூட்டை தூக்குகிறவரும் மருத்துவமனை வாசலில் காத்திருக்கிற குடும்பமும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். ஊர் பார்க்க வந்தவர் அந்தத் தட்டைத் தன் சிக்கனத் திட்டத்தில் சேர்க்காமல் இருப்பதே சரி.

சைவர்கள் கேட்க வேண்டிய கேள்வி

வங்கச் சமையலில் சைவமாகத் தோன்றும் பல பண்டங்கள் சைவம் அல்ல. பாசிப்பருப்பில் மீன் தலை போடுவார்கள். முட்டைக்கோஸ் பொரியலிலும் அது இருக்கலாம். சுரைக்காயிலும் வாழைப்பூவிலும் பொடி இறால் சேர்ப்பது வீட்டு வழக்கம். "வெஜிடபிளா?" என்று கேட்டால் சுரைக்காயைக் காட்டி ஆமாம் என்பார்கள், அவர்கள் சொன்னதில் தவறும் இல்லை. "நிராமிஷ்?" என்று கேட்க வேண்டும். மீன், கறி, முட்டை எதுவும் இல்லாதது அது. மரபான வீட்டுச் சமையலில் வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. எண்ணெய் பெரும்பாலும் கடுகெண்ணெய். அந்த நெடி பிடிக்காதவர்கள் "ஷாதா தேல்", வெள்ளை எண்ணெய், இருக்கிறதா என்று கேட்கலாம்.

கட்டுப்பாடான சைவர்களுக்குப் படாபஜாரின் மார்வாரிச் சாப்பாட்டுக் கடைகள் நிம்மதி தரும். ரொட்டி, பருப்பு, இரண்டு காய், நெய் என்று தட்டுச் சாப்பாடு, அதுவும் நம் மீல்ஸ் போல ஒரே விலையில். வங்கக் கடையில் சைவமாகவே சாப்பிட நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஆலு-போஸ்தோ என்னும் உருளைக்கிழங்கு கசகசாக் கறி எளிய பண்டமாகத் தோன்றினாலும் விலை எளிதல்ல. கசகசா கிலோ ஆயிரத்தைத் தாண்டும் சரக்கு. சில கடைகளில் ஒரு கிண்ணம் போஸ்தோவின் விலை மீன் துண்டின் விலைக்குப் போட்டியாக நிற்கும்.

காலையும் மாலையும்

ஓட்டல் அறையோடு சேர்த்துக் காலை உணவுக்குப் பணம் கட்டுவது கொல்கத்தாவில் பெரும்பாலும் நட்டம். தெருவுக்குத் தெரு இனிப்புக் கடை இருக்கிறது. காலையில் அங்கே கொச்சூரி என்னும் பூரணம் வைத்த பூரியைச் சூடாகப் போடுகிறார்கள். ஒன்று இவ்வளவு என்று விலை. உருளைக்கிழங்குக் குழம்போ கடலைப்பருப்போ கூடவே வரும். சூர்ய சென் தெருவில் புடிராம், பவானிபூரில் ஸ்ரீஹரி மிஷ்டான்ன பண்டார் ஆகியவை இதற்குப் பேர்போனவை. பேரில்லாத முனைக்கடையும் சோடை போகாது. ஒருவருக்கு 50 ரூபாய் ஒதுக்கினால் போதும். பத்து மணிக்குமேல் கொச்சூரியை எதிர்பார்க்கக் கூடாது.

விலை எவ்வளவு என்று கேட்காமலேயே தின்னக்கூடிய பண்டங்கள் மாலையில் வருகின்றன. பணம் கரைவதும் அங்கேதான். பானிபூரியின் வங்க வடிவமான புச்கா, காரப் பொரியான ஜால்முரி, கத்தரிக்காய் பஜ்ஜியான பேகுனி, முட்டை ரோல், டீ, மறுபடி டீ. ஒவ்வொன்றும் சின்னத் தொகை. நால்வர் குடும்பம் நியூ மார்க்கெட்டைச் சுற்றி முடிப்பதற்குள் அது ஒரு முழுச் சாப்பாட்டின் விலையாகிவிடும். இதற்கு எளிய வழி, மாலைத் தீனியையே இரவுச் சாப்பாட்டில் பாதியாக்கிவிடுவது. ஒரு முட்டை ரோல் ஒரு பரோட்டாவும் ஒரு முட்டையும் கொண்டது. அதைச் சாப்பிட்டவருக்கு இரவில் ஒரு தோசை தாராளம். 1932இலிருந்து நியூ மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் நிஜாம்ஸில் கறி வைத்த காத்தி ரோல் சாப்பிட்டால் அந்தத் தோசையும் வேண்டாம்.

காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸுக்குத் தனிச் செலவு ஒதுக்க வேண்டியதில்லை. ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்துவதால் விலை இன்றும் மாணவர்களின் பைக்கு எட்டுகிறது. 'இன்ஃப்யூஷன்' என்று கேட்டால் பாலில்லாக் காபி வரும். கும்பகோணம் டிகிரி காபியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் ஒரு கோப்பையோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள்.

லேக் மார்க்கெட்: சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு

ஒரு வாரத்துக்குமேல் தங்குகிறவர்களுக்குச் சமையலறை உள்ள அறையே உண்மையான சேமிப்பு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளக் குடும்பங்கள் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து மீன் குழம்பு வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கொல்கத்தாவிலும் கிழக்குப் புறவழிச் சாலையில் முகுந்தபூர் மருத்துவமனைகளைச் சுற்றி அதேபோன்ற சமையலறை விடுதிகள் உண்டு. தமிழர்களுக்கு இன்னும் வசதியானது தெற்கே லேக் மார்க்கெட் வட்டாரம். மெட்ரோவில் காளிகாட் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் போதும்.

வெள்ளைக்காரக் கம்பெனிகளில் கணக்கு எழுதவும் சுருக்கெழுத்து எடுக்கவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் இந்தப் பக்கம் குடியேறின. அவர்களுக்காக வந்த சரக்கு இன்றும் வருகிறது: கறிவேப்பிலைக் கட்டு, வாழை இலை, தொடுத்த பூ, காபிப் பொடி, அப்பளம், இட்லி மாவு. ராமகிருஷ்ணா லஞ்ச் ஹோம், பிரேமா விலாஸ், பனானா லீஃப், ராவ்ஸ் உடுப்பி ஹோம் என்று சிற்றுண்டிச் சாலைகள் சுற்றிலும் இருக்கின்றன. ஊர் ஏக்கம் எடுக்கும்போது இங்கே ஒரு தோசையும் காபியும் சாப்பிடுவது நல்ல செலவுதான். அதையே மூன்று வேளையும் செய்தால் சாப்பாட்டுச் செலவு கூடும். வங்காளத்தின் ருசியும் தெரியாமல் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு வேளை என்பது நியாயமான பங்கீடு.

மளிகையில் அரிசியை முதலில் பார்க்க வேண்டும். 'ஷித்தோ சால்' என்று கேட்டால் புழுங்கலரிசி, 'ஆதப் சால்' என்றால் பச்சரிசி. தினச் சாப்பாட்டுக்கு மினிகெட், பான்ஷ்காட்டி என்ற வகைகளை வாங்குவார்கள். பொன்னி தேடி அலைய வேண்டாம். கோபிந்தபோக் என்னும் குட்டை மணியரிசி வாசனைக்குப் பேர்போனது, விலையும் கூட. பாயசத்துக்கும் வெண்பொங்கலுக்கும் ஒரு பிடி வாங்கினால் போதும். துவரம்பருப்பு 'அரஹர்' என்ற பெயரில் எங்கும் கிடைக்கிறது. வங்க வீடுகளில் அதிகம் புழங்கும் மசூர் பருப்பு விரைவில் வேகும் என்பதால் ஒற்றை அடுப்புக்காரருக்கு எரிவாயு மிச்சம்.

காய்கறியில் தமிழருக்கு அதிர்ஷ்டம். வாழைப்பூ 'மோச்சா', வாழைத்தண்டு 'தோர்', வாழைக்காய் 'காச்கலா', முருங்கைக்காய் 'ஷொஜ்னே டாட்டா', பாகற்காய் 'உச்சே' அல்லது 'கரலா', வெண்டைக்காய் 'ட்யாரஷ்'. எல்லாம் வங்காளிகளின் அன்றாடக் காய்கள் என்பதால் கரியாஹாட்டிலும் பவானிபூர் ஜதுபாபு பஜாரிலும் எந்தக் கூடைக்காரரிடமும் கிடைக்கும். முருங்கைக்காய்க்கு வசந்த காலம்தான் பருவம். மற்ற மாதங்களில் அது கூடுதல் விலைச் சரக்கு. 'ஏக் போவா' என்றால் கால் கிலோ. அதற்கும் குறைவாக நூறு கிராம் கேட்டாலும் கொடுப்பார்கள். ஆகவே அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று வாங்கலாம். பிரிட்ஜ் இல்லாத அறையில் அழுகிப் போகும் காய்தான் மளிகைக் கணக்கில் பெரிய விரயம். பேரம் பேசத் தயங்குகிறவர்களுக்கு மாநில அரசின் 'சுஃபல் பாங்ளா' கடைகள் இருக்கின்றன. 2014இல் தொடங்கிய இத்திட்டத்தில் காய்க்கு அறிவித்த விலைதான்.

மீன் வாங்குவதில் இரண்டு விலைகளைப் பிரித்தறிய வேண்டும். முழு மீனின் கிலோ விலையைவிட வெட்டி வைத்த 'காட்டா' மீனின் கிலோ விலை அதிகம். இரண்டு பேருக்கு நான்கு துண்டு போதும் என்றால் காட்டாவே லாபம். இலிஷுக்கோ எடைக்கு எடை விலை ஏறும்: ஒரு கிலோவைத் தாண்டிய மீனின் கிலோ விலை, அரைக்கிலோ மீனின் கிலோ விலையைவிட மிக அதிகம். மேற்கு வங்கத்தில் 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிப்பதற்கும் விற்பதற்கும் தடை இருக்கிறது. மலிவாகக் கிடைத்தாலும் குஞ்சு மீனை வாங்கக் கூடாது. கிழக்குக் கடற்கரை முழுவதற்குமான மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, இங்கும் உண்டு. அந்த இரு மாதங்களில் கடல் மீனை விட்டு ரூயி, கத்லா பக்கம் போவதே கைக்கு நல்லது.

அடுப்பில்லாத அறையில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள், உரிமையாளர் சம்மதித்தால், இந்தியன் ஆயிலின் ஐந்து கிலோ 'சோட்டு' சிலிண்டர் வாங்கலாம். முகவரிச் சான்று கேட்பதில்லை. அடையாள அட்டை போதும்.

பில்லைப் படிப்பது

பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு வேளை சாப்பிடாமல் கொல்கத்தாவைப் பார்த்து முடிக்க வேண்டாம். பீட்டர் கேட்டின் செலோ கபாபோ, 1927இலிருந்து இருக்கும் ஃப்ளூரிஸின் கேக்கோ, எதுவானாலும் ஒரு பெரிய சாப்பாட்டைத் தொடக்கத்திலேயே கணக்கில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் அது கடைசி நாளில் எப்படியும் நடக்கும், கடன் அட்டையில்.

அங்கே பட்டியல் விலைக்குமேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் சேரும். அறை வாடகை 7,500 ரூபாய்க்குமேல் உள்ள நட்சத்திர ஓட்டல் உணவகம் என்றால் 18 சதவீதம். காம்போசிஷன் முறையில் பதிவு செய்த சிறு உணவகங்கள் வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. வாங்கவே கூடாது. 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு தொகை பில்லில் இருந்தால் அது அரசு வரி அல்ல. அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதிமுறை வெளியிட்டது; டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நீக்கச் சொல்லிக் கேட்கலாம். சேவை பிடித்திருந்தால் அதற்கான தொகையைப் பரிமாறியவர் கையிலேயே கொடுக்கலாம்.

ஒரு குடும்பத்தின் ஐந்து நாள்

மதுரையிலிருந்து வரும் நால்வர் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்; எல்லாரும் மீன் சாப்பிடுகிறவர்கள். ஒருவருக்கு ஒரு நாள்: கொச்சூரி 50, இரண்டு டீ 20, பைஸ் ஹோட்டல் மதிய உணவு 170, மாலைத் தீனி 40, இரண்டு இனிப்பு 30, இரவில் தோசையும் காபியும் 120, தண்ணீர் 20. ஆக 450 ரூபாய். நால்வருக்கு ஐந்து நாளைக்கு 9,000. பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு வேளை, ஆளுக்கு 700 என்று 2,800, வரியோடு 2,940. ஊருக்கு எடுத்துப்போக இனிப்பு 1,500. கூட்டினால் 13,440, விலை ஏற்றத்துக்கும் எதிர்பாராத பசிக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 15,000 என்று முழுதாக வைத்துக்கொள்ளலாம். பொருட்களின் விலை மாறும். விகிதம் அவ்வளவாக மாறாது. செயலியில் வரவழைத்து மூன்று வேளையும் அறையிலேயே சாப்பிட்டால் கொண்டுவரும் கட்டணம், பொட்டலக் கட்டணம் எல்லாம் சேர்ந்து இந்தத் தொகை இருமடங்காவது எளிது.

துர்கா பூஜை நாட்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பல உணவகங்களில் அந்த ஐந்து நாளும் தனிப் பட்டியல், நீண்ட வரிசை, கூடிய விலை. ஒதுக்கீட்டை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ள வேண்டும். பூஜைப் பந்தல்களில் கிச்சூரி என்னும் அரிசி-பருப்புக் கிச்சடிப் பிரசாதம் கிடைத்தால் வாங்கிச் சாப்பிடலாம். பந்தலுக்குப் பந்தல் முறை வேறுபடும், சில இடங்களில் கூப்பன் கேட்பார்கள்.

இனிப்புக்கான 1,500 ரூபாயைக் கடைசி நாள் காலையில் செலவழிப்பது நல்லது. சந்தேஷில் மென்மையான 'நரம் பாக்' அன்றைக்கே சாப்பிட வேண்டியது. கெட்டியான 'கடா பாக்' சில நாள் தாங்கும். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஒரு முழு நாளைத் தாண்டிய பயணம் என்பதால் ரயிலில் போகிறவர்கள் கடா பாக் என்று கேட்டே வாங்க வேண்டும். ரசகுல்லாவுக்கு கே.சி. தாஸ் கடையின் டின் இருக்கிறது. குளிர்காலத்தில் வந்தவர்கள் நோலன் குர் என்னும் புதுப் பேரீச்ச வெல்லத்தை வாங்காமல் போகக் கூடாது. 'பிஸ்வ பாங்ளா' விற்பனை நிலையங்களில் அது பற்பசைபோல டியூப்பில் கிடைக்கிறது, பைக்குள் ஒழுகாது. மண் சட்டியில் உறைந்த மிஷ்டி தோய் என்னும் இனிப்புத் தயிரை மட்டும் கொல்கத்தாவிலேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.